முப்பத்து நான்கு நிமிடம்

மே 4, திங்கள்

பணகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கை சேலைக்கும் ஒரு கை பைக்கும் தேவைப்பட்டது. காற்று இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை என்கிறார்கள். அலுவலகம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. கீழே ஜீப்புகள், கயிறுகள், ஆயில் டின்கள். நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம்.

முப்பத்தோரு வருடம் நிருபராக இருந்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று மேலாளர் ஞானசிகாமணிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "ஷிரீன் சொல்லுவா வயலட் மேடம். எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும்னு அவதான் கேட்டா" என்றார்.

ஷிரீன் மேலப்பாளையத்துக்காரி. இங்கே மென்பொருள் முழுதும் அவள் பொறுப்பு. எந்த மிஷினில் என்ன பழுது, யார் போகிறார், வேலை முடிந்ததா என்பதையெல்லாம் இதுவரை மனிதர்கள் பதிந்து வந்தார்கள். இனி ஒரு ஏஐ ஏஜென்ட் பதியப் போகிறது. களத்திலிருந்து ஆட்கள் போனில் அனுப்பும் செய்தியை அது படிக்கும். தன்னிடமுள்ள பதினான்கு கருவிகளில் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தும். புதுப் பணி திறக்க ஒன்று, ஆளை ஒதுக்க ஒன்று, ஒத்திவைக்க ஒன்று, முடிக்க ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் சில வரி விளக்கம் உண்டு. எதை எப்போது எடுப்பது என்று அந்த வரிகளை வைத்துத்தான் அது முடிவு செய்யும்.

இப்போதிருக்கும் விளக்கங்களைக் காட்டினாள். 'பணியைப் புதுப்பிக்கும்' என்று ஒன்று. 'பணியை மாற்றும்' என்று இன்னொன்று.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அதுவும் அதத்தான்க்கா கேக்குது."

மே 6, புதன்

தமிழிலேயே எழுதலாமாம். "இங்க உள்ளவங்க எழுதுற தமிழே அதுக்குப் புரியுது, உங்க தமிழ் புரியாதா" என்றாள் ஷிரீன்.

'ஒத்திவை' கருவிக்கு எழுதினேன். பழைய செய்தி ஒன்றைக் கொடுத்துச் சோதித்தோம்: 'காத்து விட மாட்டேங்கு. நாளைக்குப் பாப்போம்.' ஏஜென்ட் பணியை நாளைக்குத் தள்ளி, காரணம் என்ற இடத்தில் 'பலத்த காற்று' என்று எழுதியது. என் விளக்கத்தில் 'காரணம் தெரிந்தால் எழுதவும்' என்பதை அடித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். காரணம் எழுதுவதை விட்டுவிட்டது. திரும்பச் சேர்த்தேன். திரும்ப எழுதியது.

முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதியதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை படித்தவர் என்று பிழைதிருத்துபவர் ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவரும் அதன்படி எதுவும் செய்ததில்லை. இது ஒவ்வொரு சொல்லையும் படிக்கிறது, படித்தபடி நடக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

மே 8, வெள்ளி

பதினான்கில் ஒன்றுதான் ஆபத்தானது என்றாள் ஷிரீன். 'பணியை முடி.' இப்போது பணி முடிந்ததும் கண்ட்ரோல் ரூமில் ஓர் ஆள் பட்டனை அழுத்தி மிஷினை ஓடவிடுகிறார். இனி ஏஜென்ட் பணியை முடித்தால் அந்த உத்தரவும் தானாகப் போகும்.

"தப்பா முடிச்சிட்டா?"

"மேல ஆளு இருந்தா அவ்வளவுதான்க்கா."

எண்பது மீட்டர் உயரம். உச்சியில் ஓர் அறை, அதற்குள் சுழலும் தண்டு. அறையிலிருந்து ஏணிக்கு மாறும் இடத்தில் மனிதனுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கிறது. படத்தில் பார்த்தேன்.

மே 12, செவ்வாய்

நூறு பழைய செய்திகளில் முதல் வாரம் அறுபத்தொன்றுக்குச் சரியான கருவியை எடுத்தது. இன்று எண்பத்தேழு. மாற்றியது விளக்கங்களை மட்டும்தான்.

மழைக்கோட்டு வாங்க வேண்டும். குடை இங்கே ஒரு நாள் தாங்காது.

மே 15, வெள்ளி

ஞானசிகாமணி ஒரு வரைபடம் காட்டினார். களத்திலிருந்து 'முடிஞ்சுது' என்று செய்தி வருவதற்கும் கண்ட்ரோல் ரூமில் பட்டன் அழுத்துவதற்கும் இடையே சராசரியாக முப்பத்து நான்கு நிமிடம்.

"சீசன்ல காத்து அடிக்கும்போது முப்பத்து நாலு நிமிஷம் மிஷின் சும்மா நிக்கி மேடம். இதுக்காகத்தான் ஏஜென்டே வாங்குனது."

பட்டன் அழுத்துபவர் திரவியம், பத்தொன்பது வருடமாக அதே இருக்கை. "திரவியம் அண்ணாச்சி கை ரொம்ப சாவகாசமான கை. டீ வரணும், டீ ஆறணும், பெறவுதான் பட்டன்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே 16, சனி

'பணியை முடி' கருவிக்கு இன்று எழுதியது:

'களக் குழுவிடமிருந்து "முடிஞ்சுது" என்றோ அதே பொருளிலோ செய்தி வந்த உடனே இதைப் பயன்படுத்தவும். மறுமுறை கேட்க வேண்டாம். பயன்படுத்தியதும் மிஷின் இயங்கத் தொடங்கும். வேலை பாதியில் நின்றிருந்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு "ஒத்திவை" கருவி உள்ளது.'

ஐந்து வாக்கியம். ஒன்றையும் எடுக்க முடியாது. வெகு நாளைக்குப் பிறகு எழுதியது எனக்கே பிடித்திருந்தது.

மே 19, செவ்வாய்

முறைக்காகத் திரவியத்திடம் போனில் பேசினேன். கண்ட்ரோல் ரூம் மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் வெயில். மேற்கோளை அப்படியே எழுதி வைக்கும் பழக்கம் விடவில்லை.

"செய்தி வந்ததும் ஏன் அண்ணாச்சி உடனே அழுத்துறதில்ல?"

"ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல. கொஞ்சம் பொறுத்து அமுக்குவேன் மேடம்."

"எவ்வளவு பொறுத்து?"

"அது ஆளப் பொறுத்து."

'காரணம் குறிப்பிட்டுச் சொல்ல இயலவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

மே 22, வெள்ளி

இப்போது வேலை நடக்கும் ஆறு மிஷின்களிலும் நிஜ ஓட்டம் தொடங்கியது. திரவியத்தை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போல்ட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறாராம். முதல் நாள் சராசரி இரண்டு நிமிடம். ஞானசிகாமணி எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார்.

மே 24, ஞாயிறு

காற்று மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். துணி உலரவில்லை, பறந்தது.

மே 25, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றாம் மிஷினில் பிரேக் வேலை. மேலே சவரிமுத்து, நாற்பத்தாறு வயது, கூத்தன்குழிக்காரர். கூட ஜெபசிங். கீழே மேஸ்திரி மாசானமுத்து. 11.52-க்கு 'முடிஞ்சுது' என்று செய்தி. 11.52-க்கே ஏஜென்ட் பணியை முடித்தது. 11.54-க்கு மிஷின் சுற்றத் தொடங்கியது.

ஜெபசிங் ஏணியில் பத்துப் படி இறங்கியிருந்தார். சவரிமுத்து ஒரு காலை ஏணியில் வைத்து, ஒரு கையால் மேலே பிடித்திருந்தார். தண்டு அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. பழைய சட்டை, தோள்வரை கிழிந்து போய்விட்டது. கை போகவில்லை.

மாலையில் அவரைப் பார்த்தேன். மண்டப வாசலில் ஒற்றைக் கை இல்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "புதுச் சட்டை போட்டுட்டு வந்திருந்தா கிழிஞ்சிருக்காது மேடம்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஏஜென்டிலிருந்து மிஷினுக்குப் போகும் உத்தரவை ஷிரீன் இன்றே துண்டித்துவிட்டாள். ஏஜென்ட் விளக்கத்தில் உள்ளபடியே நடந்திருக்கிறது. விளக்கத்தில் தெளிவில்லாத இடம் எதுவும் இல்லை.

மே 26, செவ்வாய்

காலையில் ஜீப்பில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

மாசானமுத்து என் முகத்தைப் பார்க்காமல் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். 'முடிஞ்சுது' என்று யார், எப்போது அனுப்புவது என்று கேட்டேன்.

"மேல வேல முடிஞ்சதும் சவரி வாக்கிடாக்கில சொல்லுவாரு. நான் இங்கருந்து அனுப்புவேன். மேல போனுக்கு டவர் எடுக்காதுல்லா."

"அப்போ அவங்க எங்க இருப்பாங்க?"

"மேலதான். சாமான் கட்டணும், இறங்கணும்."

"நீங்க?"

"மிஷின் சுத்தாம இருக்கப் போட்ட பூட்ட எடுப்பேன், சாவியத் திருப்புவேன், ஏணி கயிறெல்லாம் ஜீப்புல ஏத்துவேன். அடுத்த மிஷினுக்குப் போணும்லா. அவ்வோ இறங்கவும் வண்டி ரெடியா நிக்கும்."

"ஆளு இறங்குறதுக்கு முன்னாலயே பூட்ட எடுத்துருவீங்களா?"

"எல்லாக் குழுவும் அப்படித்தான் மேடம். வருசக்கணக்கா." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஒரு நாளும் சுத்துனதில்லயே."

கையிலிருந்த நோட்டில் எழுத முடியவில்லை. காற்றில் தாள் படபடத்தது. மூன்று மிஷின்களில் நின்று, செய்தி போன நேரத்தையும் கடைசி ஆள் தரையைத் தொட்ட நேரத்தையும் போனில் குறித்தேன். இடைவெளி இருபத்து நான்கு, முப்பத்தாறு, நாற்பத்தொன்று நிமிடம்.

மே 27, புதன்

ஷிரீனிடம் மூன்று வருடப் பதிவுகளைக் கேட்டேன். திரவியம் தாமதித்த நேரத்தை மிஷின் வாரியாக அல்ல, மேலே ஏறிய ஆள் வாரியாகப் பிரிக்கச் சொன்னேன்.

ஜெபசிங் தனியாக ஏறிய பணிகளில் சராசரி இருபத்தாறு நிமிடம். சவரிமுத்து ஏறியவற்றில் இப்போது நாற்பத்து மூன்று. இருவரும் சேர்ந்து ஏறினால் நாற்பத்து மூன்று. காற்று பலமான நாட்களில் ஐந்து நிமிடம் கூடுதல். சவரிமுத்துவின் எண் முதலில் முப்பத்து மூன்றாக இருந்து, போன வருடம் ஆடி மாதத்திலிருந்து பத்து நிமிடம் ஏறியிருக்கிறது.

திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷிரீன் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் ஸ்டோருக்கு நடந்தே போனேன். திரவியம் நான் நினைத்ததைவிடக் குள்ளமானவர். வாஷர்களைத் தட்டில் கொட்டி வைத்திருந்தார். போன ஆடியில் சவரிமுத்துவுக்கு என்ன ஆனது என்று கேட்டேன்.

"வண்டில விழுந்தாருல்லா. முட்டி. அதுலருந்து ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலயும் வச்சுத்தான் இறங்குவாரு."

"இத ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"எத?"

"நீங்க காத்திருக்கறத."

வாஷர்களை விரலால் ஒதுக்கினார். "ஏறுனவன் இறங்கணும்லா மேடம். இதப் போய் யாருகிட்ட சொல்ல. நானும் ஏழு வருசம் ஏறுனவன்தான்."

எத்தனை பேர் எத்தனை முறை இறங்கியிருப்பார்கள் என்று வரும் வழியில் கணக்குப் போட முயன்றேன். ஆயிரங்களில் போனதும் விட்டுவிட்டேன். அத்தனை பேரும் ஏணியில் இருக்கும்போது ஒருவர் பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர்களுக்கும் அது தெரியாது. வரைபடத்தில் அது மஞ்சள் நிறத்தில் 'தாமதம்' என்று இருக்கிறது.

மே 28, வியாழன்

2009-இல் ஒரு கல்குவாரிச் சரிவு. 'மூவரும் மீட்பு' என்று செய்தி கொடுத்தேன். போனில் கேட்டு எழுதியது. அன்று வெயில் அதிகம். குவாரிக்குள் இறங்கியவர்கள் நான்கு பேர்.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

மே 29, வெள்ளி

ஞானசிகாமணியிடம் அட்டவணையைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணாச்சிய நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா மேடம், இனி அந்த முப்பத்து நாலு திரும்ப வந்துரும்லா?" என்றார்.

"வரும் சார்."

"ஹெட் ஆபீசுக்கு நான் என்ன சொல்ல?"

"சவரிமுத்து கை இருக்குன்னு சொல்லுங்க."

அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நிஜ ஓட்டத்தை முழுதாக நிறுத்தினார். திரவியத்தைத் திங்கள் முதல் பழைய இடத்துக்கே வரச் சொல்லிவிட்டார். மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, ஆள் இறங்கும்வரை பூட்டைத் தொடக் கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சீசனில் இந்த விதி எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது.

நான் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

'இதைப் பயன்படுத்திய இரண்டு நிமிடத்தில் மிஷின் சுற்றத் தொடங்கும். அப்போது கோபுரத்தில் யாராவது இருந்தால் உயிர் போகலாம். "முடிஞ்சுது" என்ற செய்தி வேலை முடிந்ததை மட்டும் சொல்கிறது. ஆட்கள் இறங்கியதைச் சொல்வதில்லை. அதை அனுப்புபவர் பெரும்பாலும் கீழே நிற்பவர். ஏறிய ஒவ்வொருவரும் தரையில் இருப்பது பெயரோடு தெரிந்த பிறகே பயன்படுத்தவும். தெரியாவிட்டால் கேட்கவும். பதில் வராவிட்டால் காத்திருக்கவும். காத்திருப்பது தவறு அல்ல.'

"கடைசி வரி எதுக்கு மேடம்? அது மிஷின்லா, அதுக்கு என்ன மனசாறுதல்?" என்றார் ஞானசிகாமணி.

"அது இல்லன்னா எப்படியாவது வேலைய முடிச்சுக் குடுக்கத்தான் சார் பாக்கும். எழுதுனா நிக்கும்" என்றாள் ஷிரீன். அந்த வரி இல்லாமல் ஓட்டிக் காட்டினாள், நிற்கவில்லை. வரியோடு ஓட்டினாள். நின்றது.

ஜூன் 2, செவ்வாய்

'முடிஞ்சுது' வகைச் செய்திகள் மட்டும் இருநூறு கொடுத்தோம். ஒன்றைக்கூட உடனே முடிக்கவில்லை. எல்லாவற்றிலும் பெயர் கேட்டது. ஒரு செய்தியில் 'எல்லாரும் வந்தாச்சு' என்று இருந்தது. 'எல்லாரும் என்றால் யார் யார்?' என்று கேட்டது. எங்கள் பழைய செய்தி ஆசிரியர் இப்படித்தான் கேட்பார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

ஜூன் 8, திங்கள்

மறுபடி நிஜ ஓட்டம். இந்த முறை கண்ட்ரோல் ரூமிலேயே இருந்தேன். திரவியம் அவர் இருக்கையில், ஷிரீன் தரையில் லேப்டாப்போடு. உத்தரவு போவதற்கு முன் தடுத்து நிறுத்த ஒரு பட்டன் திரவியத்தின் கையருகே வைத்திருந்தார்கள்.

அறுபத்து மூன்றாம் மிஷின். 10.05-க்கு மாசானமுத்துவின் செய்தி: 'ரெண்டு பேரு ஏறியாச்சு. சவரி, ஜெபசிங்.' பிறகு ஆயில், போல்ட் என்று பல செய்திகள். 12.20-க்கு 'முடிஞ்சுது.'

ஏஜென்ட் கேட்டது: 'சவரிமுத்து, ஜெபசிங் இருவரும் தரையில் இருக்கிறார்களா?'

பதில் இல்லை. அரை மணி நேரம் மூவரும் திரையைப் பார்த்திருந்தோம். திரவியத்தின் உதடு அசைந்தது. படிகளை எண்ணுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. 12.58-க்கு, "சவரி இப்ப கீழ்த்தட்டுக்கு வந்திருப்பாரு" என்றார். 1.04-க்குச் செய்தி வந்தது: 'சவரி, ஜெபசிங் ரெண்டு பேரும் தரையில.'

ஷிரீன் மூச்சு விட்டு, சாப்பாட்டுப் பையை இழுத்தாள். திரவியம் பின்னால் சாய்ந்தார்.

பணி முடியவில்லை. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

'கோலப்பன்? 10.48-க்கு ஸ்பேனர் கொண்டு மேலே போவதாகச் செய்தி வந்தது. இறங்கியதாகச் செய்தி இல்லை.'

கோலப்பன் ஜீப் டிரைவர். டிரைவர்கள் ஏறக் கூடாது, ஆனால் ஏறுவார்கள். திரையில் பழைய செய்திகளை நகர்த்திப் பார்த்தோம். ஆயிலுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருந்தது: 'பதினாறாம் நம்பர் ஸ்பேனர விட்டுட்டு ஏறிட்டாவ. கோலப்பன் கொண்டு போறான்.' காலையில் நாங்கள் மூவரும் அதைப் படித்திருந்தோம்.

"ஏல மாசானம், எடு போன" என்றார் திரவியம் திரையைப் பார்த்து. கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, தடுக்கும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டார். அதற்குத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும்.

"நான் அமுக்கியிருப்பேன் மேடம்" என்றார். "நானா இருந்தா இந்நேரம் அமுக்கியிருப்பேன்."

1.11-க்கு மாசானமுத்துவின் குரல் செய்தி. காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "நடுத்தட்டுல கேபிளுக்குப் பின்னால இருட்டுல உக்காந்திருக்கான். தொடத் தசை பிடிச்சுக்கிட்டாம், கூப்பிட்டும் ஒருத்தருக்கும் கேக்கல. அவன் எப்பவோ இறங்கிட்டாம்னுல்லா நாங்க நெனச்சோம். சவரி அண்ணன் திரும்ப ஏறுதாரு."

ஏஜென்ட் எழுதியது: 'சவரிமுத்து மீண்டும் ஏறுவதைக் குறித்துக்கொண்டேன். கோபுரத்தில் இருப்பவர்கள்: கோலப்பன், சவரிமுத்து. காத்திருக்கிறேன்.'

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு திரையில் எதுவும் அசையவில்லை. விளக்கத்தில் நான் ஸ்பேனர் என்று எழுதவில்லை. டிரைவர் என்று எழுதவில்லை. திரும்ப ஏறுபவரைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. கோபுரத்தில் ஆள் இருந்தால் உயிர் போகலாம் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதை அது எங்கேயெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

முப்பத்து மூன்று நிமிடம். ஷிரீன் பையைத் திறக்கவில்லை. வெளியே காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருந்தது.

1.44-க்குக் கோலப்பனின் போனிலிருந்தே வந்தது: 'கோலப்பன் தரையில. சவரி அண்ணனும் தரையில. சாரி.'

ஏஜென்ட் பணியை முடித்தது. 1.46-க்கு திரையில் அறுபத்து மூன்றாம் மிஷினுக்கு நேரே பூஜ்யமாக இருந்த சுற்று எண் ஒன்றானது, மூன்றானது, ஏழானது. நாங்கள் மூவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை.